அண்ணியின் அறுபது

என் அண்ணிக்கு அதிவேகத்துக்காக அபராதச் சீட்டு வந்தது என்றால் எங்கள் குடியிருப்பில் ஒருவரும் நம்பவில்லை. அந்தக் காரின் பின்சீட்டில் நானே உட்கார்ந்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அண்ணிக்கு நாற்பத்தேழு வயது. பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை, இருபத்திரண்டு வருஷமாக. நரம்பே அகப்படாத கைகளையெல்லாம் அவளிடம்தான் அனுப்புவார்கள். இரண்டு விரலால் தட்டுவாள், காத்திருப்பாள், மறுபடி தட்டுவாள். ஊசி போனதே தெரியாது. ஆனால் அதே நிதானம் வீட்டிலும் இருந்தால் எப்படி? எங்கே கிளம்பினாலும் நாங்கள் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்போம், அவள் அப்போதுதான் சாவியைத் தேட ஆரம்பிப்பாள். "அண்ணி, சீக்கிரம்!" என்று நான் கத்தின கத்தலைச் சேர்த்து வைத்தால் ஒரு மழைக்காலத்துக்கு இடி போதும்.

அப்படிப்பட்டவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது வேலைக்காகத்தான். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவதென்று கூடத்தில் முடிவு செய்திருந்தார்கள். "லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க, அந்த வேலை உங்களுக்குத்தான்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். மூன்று தடவை தேர்வில் தோற்றாள். நாலாவது தடவை அந்த ஆய்வாளருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும், கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலை தொடங்க வேண்டும்.

லைசென்ஸ் வந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணனின் பழைய வெள்ளைக் காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்கு ஓட்டத் தெரியாது, குறை சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும். சிக்னலில் பச்சை விழுந்ததும் பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தினான் பாருங்கள், அண்ணி மிதித்தாள். கார் ஊளையிட்டது! நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"அறுபது! ஏய், அறுபதுடி!" என்று அண்ணி கூவினாள்.

சர்ரென்று ஏதோ ஒரு வண்டி எங்களைத் தாண்டிப் போன சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது சாலையோரம் வேகம் பார்க்கும் கருவியோடு நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைத் தாண்டிப் போன சிவப்பு வண்டிக்காரன் நிற்காமல் பறந்துவிட்டான். எங்கள் வீட்டு மகராசி அழகாக ஓரங்கட்டினாள்.

"என்ன வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமாம்மா?"

உலகத்தில் யாராக இருந்தாலும் "தெரியல சார்" என்பார்கள். என் அண்ணி முகமெல்லாம் பல்லாக, "தெரியும் சார், அறுபது!" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் கருவியைப் பார்த்தார், அறுபத்தொன்று. அந்தச் சாலையில் ஐம்பதுதான் உச்சம். சீட்டை எழுதி, அடியில் 'ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்' என்றும் எழுதிக் கையில் கொடுத்தார். அதற்கு நன்றி வேறு சொன்னாள்.

மறுநாள் கூடத்தில் அவளுக்கு ஏக வரவேற்பு. 'ரேஸ் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அண்ணி தலைகால் புரியாமல் சீட்டை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள். "பணத்தைக் கட்டிட்டு வேலையைப் பாரு, வம்பு எதுக்கு" என்றான் அண்ணன். தண்ணீர் எடுக்கப் போன நான்தான் சீட்டைப் பிரித்துப் பின்பக்கத்தைப் படித்தேன். லைசென்ஸ் வாங்கிய முதல் வருஷத்தில் வேகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் லைசென்ஸ் பறிபோகும், ஆறு மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுப்பதானால் பதினாலு நாளுக்குள் எழுதித் தர வேண்டும்.

"அய்யய்யோ, ஒண்ணாம் தேதி?" என்று அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மறுத்துடுங்க அண்ணி!"

"போனது உண்மைதானே? போகலன்னு எப்படிப் பொய் சொல்றது?"

அன்று சாயங்காலம் அண்ணனைக் கீழே வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனோம். அண்ணி இன்ஜினைப் போட்டு மிதித்துக் காட்டினாள். "இதோ, இந்த முள்ளுதான் அறுபதுல நின்னுச்சு." அண்ணன் குனிந்து பார்த்தான். "அடியே, அது வேகம் இல்ல, இன்ஜின் சுத்துற கணக்கு, நூறு நூறாப் போட்டிருக்கு! வேகம் பக்கத்து வட்டம்! ஆமா, எந்த கியர்ல போன?"

அண்ணி யோசித்தாள். "முதல் கியர் போட்டேன். அப்புறம்... மாத்தவே இல்லையே."

"முதல் கியர்ல இந்த வண்டி நாப்பத்தஞ்சைத் தாண்டவே தாண்டாது!"

கருவியில் விழுந்தது சிவப்பு வண்டியின் வேகம். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

ஒரு வாரமாகியும் மறுப்பு எழுதவில்லை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. "என்னதான் அண்ணி உங்களுக்கு?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"பொறந்ததுலேர்ந்து எல்லாரும் என்னைச் சீக்கிரம் சீக்கிரம்னுதான் விரட்டியிருக்கீங்க. முதல் தடவையா ஒருத்தர் நான் ரொம்ப வேகம்னு எழுதிக் குடுத்திருக்காரு. இப்ப நானே போய், இல்ல சார், எனக்கு முள்ளே பார்க்கத் தெரியாதுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. விரட்டினதில் பாதி நான்தானே. அப்படியே படியிறங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் வேலையிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் சீட்டைக் கதவிலிருந்து உரித்து, 'மறுக்கிறேன்' என்ற கட்டத்தில் பேனாவால் அழுத்திக் குறி போட்டாள். "இன்னிக்கு ஒரு பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோட மூணு மாடி தூக்கிட்டு வந்தாங்கடி. ரெண்டு நிமிஷ வேலைக்கு. வலியில மனுஷன் பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருக்காரு. சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்."

விசாரணைக்கு நானும் போனேன். சின்ன அறை, இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்த அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். "அறுபதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே, ஏன்?" என்று கேட்டார்.

"சந்தோஷத்துல சொல்லிட்டேன் மேடம்" என்றாள் அண்ணி. பிறகு முள், வட்டம், கியர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அறையே கொல்லென்று சிரித்தது. அவள் காது சிவந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. எனக்கோ எழுந்து நின்று அத்தனை பேரையும் அறையலாம் போலிருந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. சாட்சிக்கு வந்திருந்த அதே போலீஸ்காரரைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். "இவங்க வண்டி கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு மேடம். வண்டி ரிப்பேர்னுதான் நினைச்சேன். ஒரு சிவப்பு வண்டியும் பக்கத்துல போச்சு. இவங்களே அறுபதுன்னதும் யோசிக்காம எழுதிட்டேன்." நல்ல மனுஷன், மழுப்பாமல் சொன்னார்.

"நீங்க பார்த்தீங்களா?" என்று என்னிடம் கேட்டார் அதிகாரி.

"கண்ணை மூடிக்கிட்டேன் மேடம். ஆனா காதை மூடல. சார் சொன்ன மாதிரிதான் கத்துச்சு."

'தள்ளுபடி' என்று முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் வாசற்படியிலேயே அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நாற்பத்தேழு வயதில்! நானும் குதித்தேன், யார் பார்த்தால் என்ன?

ஒன்றாம் தேதி முதல் வீடு, ஏழு மாதமாகப் படுக்கையில் இருக்கும் ஒரு பெண்மணி. அண்ணி விரலால் தட்டி, காத்திருந்து, ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்தாள். எந்த வண்டியில் வந்தாய் என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். அண்ணி அவர் தலையணையை உயர்த்தி, சன்னல் வழியாகக் கோணலாக நின்ற வெள்ளைக் காரைக் காட்டியிருக்கிறாள். அந்தம்மா வெகுநேரம் பார்த்தாராம். பிறகு பஞ்சு வைத்த கையாலேயே போனை எடுத்துத் தன் தங்கையைக் கூப்பிட்டாராம்.

"ஏய், எனக்காக ஒருத்தங்க காரை ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்கடி!"