மூன்றாவது தோலுரிப்புக்கு முன்னால்

பட்டுப்புழு ஆராய்ச்சி நிலையத்தில் மைக்ராஸ்கோப் மேசை பதினோரு வருடமாக அவருடையது. குண்டூசித் தலையைவிடச் சின்ன உறுப்பையும் சிதையாமல் எடுத்துவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'ஊசி'தான். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வருடம் ஆராய்ச்சிக்குத் தலைவியான மேடம் ஒரு கேள்வியைக் கையில் எடுத்திருந்தார். புழு முட்டையை விட்டு வரும்போதே முதுகுத் தோலுக்கு அடியில் ஒரு ஜோடி வெள்ளைப் புள்ளி இருக்கும். ஆணுக்கு அது விந்தகமாகும், பெண்ணுக்குச் சூலகம். எந்த வயதில், எத்தனையாவது தோலுரிப்பில், இரண்டும் உருவத்தில் வேறுபடுகின்றன?

"மூணாவது தோலுரிப்புக்கு முன்னாடி யாராலயும் சொல்ல முடியாது மேடம்" என்று ஊசி அடித்துச் சொன்னார்.

அதே நிலையத்தில் புழுக்களுக்கு முசுக்கொட்டை இலை நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவியை அவருக்கு உதவியாக மாற்றினார்கள். நாலாம் நாள், அவர் டீ குடித்துவிட்டு வந்தபோது அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

"என்னங்க, இது ஆணு. அவரை விதையாட்டம் வளைஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கறது மூணு மூலையா இருக்கு பாருங்க, பொண்ணு."

இரண்டாவது தோலுரிப்புதான் முடிந்திருந்த புழுக்கள்.

"சும்மா கதை அளக்காத."

அது மேடம் காதில் விழுந்துவிட்டது. இருபது புழுக்களை அவளிடம் கொடுத்து ஆணா பெண்ணா என்று சொல்லச் சொன்னார்; பிறகு அந்த உறுப்புகளை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தார். இருபதில் பத்தொன்பது சரி. அன்றிலிருந்து மேடம் வாயைத் திறந்தால் அவள் பேச்சுதான். ஊசிக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டில் அவள் பரிமாற வந்தால், முதல் கரண்டிக்கே கையால் தட்டை மறைத்தார்.

அடுத்த சோதனைக்கு நாற்பது குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு புழுவின் உறுப்பு. அவள் ஆண், பெண் என்று எழுதி ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். அவர் ஆறு ஜோடிக் குப்பிகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டினார்.

"பன்னெண்டு தப்பும்மா. போன தடவை குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்கும்" என்றார் மேடம். "நாளைக்கு நீ இலைப் பக்கமே போயிடு."

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தப்பு பண்ணேன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. உங்களை விட்டா நான் வேற யாரைக் கேப்பேன்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று கிடைத்திருக்க வேண்டிய சந்தோஷம் பொட்டுகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, அவளும் நிற்கும்போதே, மேடமிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மேடம் அவரை இரண்டு மாதம் இலை நறுக்க அனுப்பினார். மனைவி சாயங்காலம்தான் பேசினாள்.

"என் கண்ணே பொய்யாப் போச்சேன்னு நேத்து நீங்க பார்க்கத்தானே அழுதேன்? அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஒன்பது நாள் அவள் முகம் கொடுக்கவில்லை; பிறகு மெல்லத்தான் சரியானது.

அவர் திரும்பி வந்தபோது பழைய மேசை அவளுடையதாகியிருந்தது. அவருக்கு மூலையில் வேறொன்று. இப்போது பார்வையாளர்கள் யாராவது வந்து, புழு ஆணா பெண்ணா என்று கேட்டால், "அவங்களைக் கேளுங்க, அவங்க கண்ணுதான் கண்ணு" என்று அவரே கைகாட்டுகிறார். சொல்லி முடித்ததும் வயிற்றில் பழைய எரிச்சல் கிளம்பத்தான் செய்கிறது. குனிந்து அடுத்த புழுவை எடுத்துக்கொள்கிறார்.