கண்டக்டரம்மாவின் ஆறு விதிகள்

இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த பெண்மணி திடீரென்று பார் நடத்த வந்தால் தெருவில் நாலு பேர் பேசாமல் இருப்பார்களா? பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் வீட்டோடு இருக்கலாம் என்று வெளியூர் கிளம்பிய அண்ணன், பாரின் சாவியை அவர் கையில் வைத்து, "கூட்டத்தை அடக்க உன்னை விட்டா ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மைதான். காலை எட்டு மணி பஸ்ஸில் நூறு பேரை ஒரே விசிலில் உள்ளே தள்ளியவருக்குப் பன்னிரண்டு மேசை எந்த மூலைக்கு? பழைய வேலை போனாலும் பழைய பெயர் போகவில்லை. எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மாதான்.

பார் இருந்தது ஒரு குறுகலான கட்டடத்தின் கீழ்த்தளத்தில். மாடியில் பல் டாக்டரின் கிளினிக். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுப்பது கண்டக்டரம்மாவின் கொழுந்தனார். அண்ணி கிழித்த கோட்டைத் தாண்டாதவர், ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. மேசைகளுக்குக் கொண்டுபோய் வைப்பது ஒரு சப்ளையர். ஐம்பத்தைந்து வயது. ஒரு கையில் நாலு கிளாஸை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோவார்.

விதிகள் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆசாமி இருந்தார். யாரோ சப்ளையரைச் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார்; சொடக்குப் போட்டால் கிடையாது என்று முதல் விதி வந்தது. யாரோ ஒருவர், தோழிகளோடு பேசிக்கொண்டிருந்த பெண்ணின் மேசைக்குக் கேட்காமலே ஒரு கிளாஸை அனுப்பிவைத்தார், இரண்டாவது விதி. ஒரு பிறந்தநாள் கும்பல் மேசையைத் தட்டிப் பாடியதில், மாடியில் கடைவாய்ப் பல்லைப் பிடித்திருந்த டாக்டரின் கை ஆடிவிட்டது. டாக்டர் முகமூடியோடு படியிறங்கி வந்து நின்ற அன்றே மூன்றாவது விதி: மாடியில் பல் டாக்டர் இருக்கிறார், மேசையைத் தட்டக் கூடாது. கவுண்டருக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுக்கக் கூடாது என்பது நான்கு. 'போதும் என்று கொழுந்தனார் சொன்னால் போதும்' என்பது ஐந்து. எல்லாவற்றையும் வெள்ளைப் பலகையில் கறுப்புப் பெயிண்டால் எழுதிக் கவுண்டருக்குப் பின்சுவரில் மாட்டினார்.

ஆறாவதுதான் வினை. புதிதாகச் சந்தன நிறத்தில் உறை போட்ட நாற்காலிகள் வந்த வாரம், பக்கத்துத் தெருவில் பூச்சு வேலை செய்யும் மேஸ்திரியும் மூன்று பேரும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து எழுந்தார்கள். நாலு நாற்காலியிலும் சிமெண்ட்டில் நாலு முதுகு. மறுநாள் பலகையில் ஆறாவது வரி ஏறியது: வேலை உடுப்போடு வருவோருக்கு இடமில்லை.

அன்று மாலை வந்த மேஸ்திரி அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "சரிம்மா" என்று ஒரே வார்த்தை. அவர் திரும்ப, பின்னால் வந்த மூன்று பேரும் திரும்பினார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கண்டக்டரம்மாவுக்கு. நாற்காலிகளைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை டைல்ஸ் கடை முதலாளி வந்தார். உட்கார்ந்ததும் சப்ளையரைப் பார்த்து ஒரு சொடக்கு.

கண்டக்டரம்மா எழுந்து போனார். "சார், ஒண்ணாம் நம்பரைக் கொஞ்சம் படிங்க."

"படிச்சாச்சு. நான் சும்மா குடிக்கல, காசு குடுத்துக் குடிக்கறேன்."

"பஸ்ல கூட எல்லாரும் காசு குடுத்துதான் ஏறினாங்க. அதுக்காக யாரும் வந்து ஸ்டியரிங்கைப் புடிக்கல."

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. கையைக் கண்டக்டரம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு சொடக்குப் போட்டார்.

"தம்பி, இவருக்கு இன்னிக்குக் கிடையாது" என்றார் கண்டக்டரம்மா கவுண்டர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல்.

"சட்டம் போட நீ யாரு? பாத்துக்கறேன்!" என்று கிளம்பிய முதலாளி, சொன்னபடியே பார்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி கையில் குடையும் மனுவுமாக வந்து நின்றார்.

ஒல்லியான மனிதர். எலுமிச்சை சோடா போதும் என்றார். பலகையை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் விதியில் மட்டும் மாடியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"இங்க வர்றவங்க எப்படி நடந்துக்கணும்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கும்மா. சொடக்குப் போட்டவருக்கு ஊத்த மாட்டேன்னு சொன்னதுல தப்பே இல்லை. ஆனா பலகை வாசல்ல இருக்கணும். உள்ள வந்து உக்காந்தப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

"இன்னிக்கே மாத்திடறேன் சார்." கண்டக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பல். கொழுந்தனார் கேட்காமலே இன்னொரு சோடாவை உடைத்தார்.

அதிகாரி பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஆறாவதுல யாரை நிறுத்தினீங்க?"

"பூச்சு வேலைக்காரங்களை சார். நாற்காலி பூரா சிமெண்ட்டு."

"மத்த அஞ்சும் ஒருத்தர் என்ன செய்யறார்ங்கறதைப் பத்தி. இது மட்டும் அவர் யாருங்கறதைப் பத்தி இருக்கே? சரி, அந்த டைல்ஸ் கடைக்காரர் உடுப்பு அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

கண்டக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார் முந்திக்கொண்டார். "டைல்ஸ் அறுக்கற எடத்துலேர்ந்து நேரா வந்தாரு சார். பேண்ட்டு பூரா வெள்ளைத் தூசி. ஆனா அது முதலாளித் தூசி இல்லையா, அண்ணி கண்ணுல படல."

அண்ணி முறைத்த முறையில் கொழுந்தனார் குனிந்து கிளாஸ் துடைக்கப் போய்விட்டார். அதிகாரி சிரிக்காமல் குடையை எடுத்துக்கொண்டார். "உத்தரவு ஒண்ணும் போடலைம்மா. கேட்டேன், அவ்வளவுதான்."

அவர் போன பிறகு கண்டக்டரம்மா சந்தன நிற நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வியர்வையும் கிரீஸும் சுண்ணாம்புமாக எத்தனை பேர் அவர் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்! ஒருவரைப் பார்த்தாவது இறங்கு என்று சொன்னதுண்டா? மூஞ்சியைச் சுளித்த பயணிகளைத்தான் அதட்டியிருக்கிறார். ஒரு நாற்காலி உறை வந்து தன்னை இப்படி ஆக்கிவிட்டதே என்று வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து வெள்ளைப் பெயிண்ட்டை எடுத்து ஆறாவது வரியை அழித்தார்.

"அழிச்சாச்சுல்ல அண்ணி, அவங்களா வருவாங்க" என்றார் கொழுந்தனார்.

"போர்டுல இல்லாததை எவன் தம்பி வந்து படிப்பான்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்துத் தெருக் கட்டடத்தில் மூன்றாவது மாடி உயரத்துச் சாரத்தில் மேஸ்திரி நின்று பூசிக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மா தெருவில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "மேஸ்திரீ! எறங்குங்க!" என்றார். அந்தக் குரலுக்குப் பஸ்ஸே நிற்கும். மேஸ்திரியோடு, எதிர்க்கடையில் ஏணிமேல் நின்றவரும் சேர்ந்து இறங்கிவிட்டார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் ஆகல. அன்னிக்கு நான் எழுதினது தப்பு. அழிச்சுட்டேன். நீங்க எல்லாரும் வரணும்."

மேஸ்திரி பூச்சுக் கரண்டியைக் கையில் திருப்பிக்கொண்டே யோசித்தார். "நாங்க இப்ப மார்க்கெட் பக்கம் வேற கடைக்குப் போறோம்மா."

"அங்க நல்லா இருக்கா?"

"சேர் நல்லா இல்லை" என்றார் மேஸ்திரி, முகத்தை மாற்றாமல். மேலே சாரத்தில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு மேஸ்திரியே சொன்னார்: "உங்க சேரும் பாவம்தான். வாசல்ல ஒரு பிரஷ் தொங்க விடுங்க. தட்டிட்டு உள்ள வந்துடறோம்."

"அதையே ஆறாவதா எழுதிடறேன். எல்லாரும் தட்டிக்கிட்டு வரணும்னு."

"'எல்லாரும்'ங்கறதை மட்டும் பெரிசா எழுதுங்க."

பெரிதாகவே எழுதினார். வாசலில் மாட்டிய பலகையில் இருபது அடி தள்ளி நின்றாலும் அந்த வார்த்தைதான் முதலில் தெரியும். பல் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைத் தட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் கழித்து டைல்ஸ் கடை முதலாளியும் வந்தார். வாசலில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பேண்ட்டை நன்றாகத் தட்டிக்கொண்டார். உள்ளே சப்ளையரைப் பார்த்துக் கை பாதி உயர்ந்தது, பிறகு இறங்கியது. "அண்ணே, நேரம் இருக்கறப்ப இந்தப் பக்கம் வாங்க" என்றார். சப்ளையருக்கு உடனே நேரம் இருந்தது.

மேஸ்திரி கூட்டம் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறது. திரும்பி வந்த முதல் மாலையே மேஸ்திரி கிளாஸை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, கூரையின் மூலையைப் பார்த்தார்.

"யாரும்மா பூசினது இதை?"

"எங்க அண்ணன் காலத்துல யாரோ. ஏன்?"

"பூச்சா இது? அப்பி வெச்சிருக்கான்!"

மற்ற மூன்று பேரும் அண்ணாந்தார்கள். கலவையில் மணல் கூடிப்போச்சு என்றார் ஒருவர். இல்லை, பூசினப்புறம் தண்ணி காட்டவே இல்லை என்றார் இன்னொருவர். சாயங்காலம் முழுக்க முகம் தெரியாத அந்தக் கொத்தனாரை நாலு பேருமாகச் சேர்ந்து கிழித்துத் தொங்கவிட்டார்கள். கண்டக்டரம்மாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல் டாக்டருக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அந்த மூலையை உடைத்துப் பூசச் சொல்லி நாள் குறித்தார்.