அப்பா மருந்து அடிச்சாராம்

இன்னிக்கு ஏர்போர்ட்ல அப்பாவோட சர்க்கரை ஊசிப் பையைப் பிரிச்ச ஆபிசர் தமிழர்தான். டாக்டர் லெட்டரை நீட்டினேன். கையில கூட வாங்கல.

"என்ன வேலை செஞ்சீங்க, ஐயா?"

தமிழ்ல கேட்டதும் அப்பாவுக்குச் சந்தோசம். "கேமரன் எஸ்டேட்ல முப்பது வருசம் மருந்து அடிச்சேன், தம்பி."

"தினமுமா?"

"மழை இல்லன்னா தினமும்தான்."

எஸ்டேட்ல அது பூச்சி மருந்து. டவுன்ல அது போதை மருந்து. அவ்வளவுதான், தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி சப்பாத்தைக் கழட்டச் சொல்லி, மாத்திரையெல்லாம் மேசையில கொட்டிட்டான். எழுபது வயசு மனுசன் லா!

"தேயிலைக்கு அடிச்சாரு!"ன்னு நான் கத்தினப்புறம்தான் விட்டான். ஒரு சோரி கூட சொல்லல.

மருந்து அடிச்ச அந்தத் தேயிலையில போட்ட தே தாரிக் குடிச்சிட்டுத்தான் அவனும் டியூட்டிக்கு வந்திருப்பான். இப்ப யாரைச் சோதிக்கணும், நீங்களே சொல்லுங்க.