எங்கள் இலக்கங்களைக் கைமாற்றாதவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "ஓம்... ஓம்... எப்ப?" என்று கேட்டவர், ஊசியைக் கையில் பிடித்தபடியே எங்களைப் பார்த்தார்.

"குகன் அண்ணை மோசம் போயிட்டாராம். மாரடைப்பு."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனார்.

கொக்குவிலில் வாழ்ந்த குகன் மாமா எங்களுக்கு உறவினர் அல்லர். யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் வேலை செய்தார். அரச அலுவலகங்களின் கருவிகளை ஒப்பந்தத்தில் பராமரிப்பது அந்த நிறுவனத்தின் தொழில். பிரதேச செயலகத்தின் கணினிகள், புயலுக்கு முன் மீனவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு, எங்கள் கரையிலுள்ள படைமுகாமின் கமராக்கள் எல்லாவற்றையும் அவரே பார்த்துவந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில்தான் அவரை முதலில் கண்டேன். அங்கே ஓர் அறையில் வாசிகசாலை இருக்கிறது. செயலகத்திடம் இருந்த தொலைபேசி இலக்கங்களில் பாதி பழையவை. முந்திய மாரியில் என் பெரியப்பாவுக்குப் புயல் செய்தி கிடைக்கவில்லை. கடலுக்குப் போனவர் இரண்டு நாள் கழித்தே கரை சேர்ந்தார். ஆகவே சரியான இலக்கங்களை எழுதிக்கொள்ள, குகன் மாமா ஒரு கொப்பியோடு நேரில் வந்திருந்தார்.

கூடியிருந்த மீனவர்களிடையே அப்பா எழுந்து நின்றார். "இண்டைக்குக் காலமை நீங்கள் முகாமுக்கை போனதைக் கண்டனான். இப்ப எங்கடை நம்பரைக் கேக்கிறியள். ஆருக்கு?"

"புயல் வரேக்கை உங்களுக்குச் சொல்ல."

"புயல் எங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறது!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்று அவருக்குக் கிடைத்தவை நான்கு இலக்கங்கள் மட்டுமே.

எனக்குப் பெரியப்பாவின் நினைவு. அப்பாவின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, மாமா புறப்படும்போது ஓடிப்போய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அப்பாவின்ரை நம்பரை அப்பாதான் தரவேணும், பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. பேச்சை மாற்றுவதற்காக, ஏன் இரண்டு மடிக்கணினிகள் வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்டு செயலகத்துக்கு, மற்றது முகாமுக்கு. ரெண்டும் ஒண்டையொண்டு பாக்கக்கூடாது. கோவம் போட்ட சம்பந்திமார் மாதிரி. நான் ரெண்டு வீட்டிலையும் தேத்தண்ணி குடிக்கிற ஆள்."

சில மாதங்களின் பின், முகாமிலிருந்து ஓர் அதிகாரி சங்கத்துக்கு வந்தார். அங்கே நின்ற குகன் மாமாவிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "அந்த நம்பர் லிஸ்ட் எங்களுக்கும் ஒண்டு தாங்க. பாதுகாப்புக்கு."

"சேர், உங்கடை கமரா பழுதெண்டால் இப்பவே வாறன். உந்தப் பட்டியல் செயலகத்தின்ரை. அங்கை கடிதம் எழுதிக் கேளுங்கோ. நான் திருத்திறவன் மட்டும்."

அதிகாரி தலையசைத்துவிட்டுப் போனார். மாமா தண்ணீர் எடுத்துக் குடித்தார். வாசிகசாலையிலிருந்து நான் பார்ப்பதைக் கண்டு, "என்ன புத்தகம் வாசிக்கிறாய்?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் முகாம் வேலைக்கு மாமாவுக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. மாமாவும் ஒருநாளும் சொல்லவில்லை. சங்கத்தில் நான் கண்டதை வீட்டில் சொன்னேன். மாமா மறுபடி வந்த அன்று அப்பா முதல் ஆளாகப் போய், "எழுதுங்கோ அண்ணை" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

அந்த மாரியில் புயல் செய்தி வந்தது. வானத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதாக அப்பா இன்றும் சொல்கிறார். ஆனால் தொலைபேசி ஒலித்த பிறகுதான் படகை மேலே இழுத்தார்.

ஓர் இயந்திரம் யாருக்கு வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். மற்றவர் கேட்கும்போது "இல்லை" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. செத்தவீட்டில் எங்கள் ஊரவர்கள் மெதுவாகக் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்: "இனி அந்தப் பட்டியல் ஆரிட்டை?"

கிரியை நடந்துகொண்டிருந்தது. வெள்ளை வேட்டியோடு வாசல் படலையருகில் நின்ற எங்கள் கரைக்காரர்களின் தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தன. அவர்கள் வெட்கத்தோடு சட்டைப்பைகளைப் பொத்தினார்கள். அப்பா எடுத்து வாசித்தார். நாளை காற்றுப் பலமாக இருக்கும், கடலுக்குச் செல்லவேண்டாம்.

செய்தி எல்லோருக்கும் கிடைத்தது, மாமா. மறுநாள் எங்கள் கரையிலிருந்து ஒரு படகும் இறங்கவில்லை. நீங்கள் அமைதியாகப் போங்கோ.