இரண்டு படி உப்பு

போன வாரம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபப் படித்துறையில், என் மூக்குக் கண்ணாடியை ஆறு கொண்டுபோய்விட்டது. அதே இடத்தில் எங்கள் குடும்பத்திடமிருந்து காவிரி வாங்கிக்கொண்ட இரண்டாவது பொருள் அது. முதலாவது இரண்டு படி உப்பு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா பட்டறையில் ஃபிட்டர். எஞ்சினுக்கு அடியில் படுத்து வேலை செய்ய அஞ்சாத மனிதருக்குத் தண்ணீர் என்றால் மட்டும் பயம். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் நாங்கள் எல்லோரும் முங்கிக் குளிப்போம். அவர் இரண்டாவது படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார்.

அந்த வருஷம் பண்டிகைக்கு அம்மாவின் தம்பி, என் மாமா, வேதாரண்யத்திலிருந்து வந்திருந்தார். உப்பளத்தில் மேஸ்திரி. மற்றவர்கள் பலகாரம் கொண்டுவருவதுபோல ஒரு மூட்டை உப்போடு வந்து இறங்கினார். வந்த அன்றே வித்தையும் காட்டினார். சொம்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டார். அடியில் போய் உட்கார்ந்தது. கைநிறைய உப்பைப் போட்டுக் கலக்கினார். முட்டை மெல்ல எழும்பி வந்து மொட்டைத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? உப்புத் தண்ணி ஆளைத் தூக்கும். எங்க கடல்ல நான் மல்லாந்து படுத்துக்கிட்டு பேப்பர் படிப்பேன். உங்க காவேரி நல்ல தண்ணி. அதுல உங்கப்பாவைப் போட்டா நேரா அடிக்குத்தான். இரும்போட பழகிப் பழகி மச்சானும் இரும்பாயிட்டாரு."

"சும்மா இருடா" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து போய், காலையில்தான் துடைத்திருந்த சைக்கிளை மறுபடி துடைத்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

முட்டைக்கு ஒரு கை என்றால் அப்பாவுக்கு எவ்வளவு? இரண்டு படி போதும் என்று முடிவு செய்தேன். வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். ஆடி பதினெட்டன்று அம்மா காப்பரிசி கிளறும் மும்முரத்தில் இருந்தபோது, மஞ்சள் பையில் உப்பை அளந்து போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் மாற்றுப் பாவாடை என்றேன்.

படித்துறையில் ஒரே கூட்டம். புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. அப்பா தன் இரண்டாவது படியில் உட்கார்ந்து சொம்பை எடுத்தார்.

"மச்சான், பாத்து மொள்ளுங்க! ஆறு வத்திடப் போவுது!"

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். இனித் தாமதிக்கக் கூடாது என்று பையின் காதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அப்பாவைத் தாண்டிக் கீழே இறங்கினேன். பாசி வழுக்கியது. பை என்னை அடியை நோக்கி இழுத்தது. ஆளைத் தூக்குவதற்காக எடுத்துப் போன உப்பு, கரைவதற்கு முன் செய்த வேலை அது.

சொம்பு படிகளில் உருளும் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு கை என் பின்னலைப் பற்றியது. அப்பாவின் கால்கள் எங்கோ ஒரு படியைக் கண்டுபிடித்திருந்தன. தண்ணீர் மோவாய்வரை. என்னைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ வேட்டியை வீசி எங்களை இழுத்தார்கள்.

எங்களைக் காப்பாற்ற மாமாவும் மேல்படியிலிருந்து வெகு அழகாகப் பாய்ந்திருந்தார். பாய்ந்தவரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய், நாலு வீட்டுத் தூரம் தள்ளியிருந்த படியில் ஒதுக்கியது. வயிறு நிறையக் காவிரி.

"என்னக்கா இது, இந்தத் தண்ணி தூக்கவே மாட்டேங்குது!"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உப்பு அப்பாவைச் சுற்றித்தான் கரைந்தது. மாமா இருந்த இடத்துக்கு எட்டவில்லை. பாவம்.

அப்பா ஈரத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். என் கணுக்காலைப் பிடித்த பிடியை விடவில்லை. குளிருக்காகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் காதில் ரகசியத்தைச் சொன்னேன்.

"அப்பா, நான்தான் உப்பு போட்டேன். தண்ணி கரிச்சுதா?"

வெறும் பையைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கரிச்சுதும்மா. நல்லாவே கரிச்சுது."

மறுநாள் வகுப்பு முழுவதும் அதைச் சொல்லித் திரிந்தேன். பிறகு நானும் படித்து, ஆற்றுக்கு முன் இரண்டு படி எந்த மூலைக்கு என்று தெரிந்துகொண்ட வயதில், என் மனம் நோகக் கூடாதென்று அப்பா சொன்ன பொய் அது என்று தீர்மானித்தேன். அப்படியே பல வருஷம் நம்பியும் வந்தேன்.

போன வாரம் என் மகன் அந்தப் படித்துறையில் வழுக்கி விழுந்தான். எனக்கும் நீச்சல் தெரியாது. எப்படிக் குதித்தேன், எதைப் பிடித்து ஏறினேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. படியில் உட்கார்ந்திருந்தோம்.

"காலை விடும்மா, வலிக்குது" என்றான்.

குனிந்து பார்த்தேன். அவன் கணுக்கால் என் கைக்குள் இருந்தது. என் கன்னம் வழியே உதட்டுக்கு வந்த தண்ணீர் கரித்தது.