ஊர் ஐடிக்கு முகம் கொடுத்தவன்

வீரமணிக்கு எங்கள் ஊரிலேயே லட்சணமான முகம். அவனுக்கு நேர்ந்த கெடுதல்கள் எல்லாம் அந்த முகத்திலிருந்துதான் தொடங்கின என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

இராமநாதபுரத்திலிருந்து மேற்கே, மிளகாயும் கருவேலமுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அவன் அய்யா முனியசாமிக்கு நிலம் கிடையாது. ஆடுகள்தான். அவை மேய்வது ஊரில் நிலபுலன் உள்ள அய்யப்பன் வீட்டுத் தரிசில். மூத்த மகன் மகாராஷ்டிராவில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காகத் தம்பிக்கு ஒரு போன் அனுப்பினான்.

போன் வந்த வாரமே அய்யப்பன் அதை வாங்கி, இன்ஸ்டாகிராமில் ஊர்ப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினான். நம்பர் வீரமணியுடையது. முகப்புப் படமும் அவனுடையது. "நம்ம ஊர்ல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி மூஞ்சி இவனுக்குத்தான்டா இருக்கு" என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டு அய்யனார் பெயர் என்பதால் எல்லோருக்கும் தெரியும். யாரும் எதையும் போடலாம். எங்கள் ஊரில் கோயில் பொது, கண்மாய் பொது, அதுபோல அதுவும் பொது. 'ஊர் ஐடி' என்றே அதற்குப் பெயர். கோயில் மணியை யார் அடித்தது என்று எவரும் கேட்பதில்லை. அங்கே எதை யார் போட்டது என்றும் எவரும் கேட்டதில்லை.

வீரமணிக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. அதில் முழுக்க ஆட்டுக்குட்டிகள்.

இந்த வருடம் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் அய்யப்பன் ஊர் ஐடியில் ஒரு ரீல்ஸ் போட்டான். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் அரிவாளோடு, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு ரோட்டுப் பேருந்து நிழற்குடைக்குள் நடந்துபோவான். கீழே எழுத்து: 'கீழூர்க்காரன் இங்கன உக்காந்தா எந்திரிச்சுப் போகக் காலு இருக்காது.' நிழற்குடை எங்கள் ஊருக்கும் கீழூருக்கும் பொது. கீழூர்க்காரர்கள் வேறு சாதி. எங்கள் ஊர் வயல்களில் கூலிக்கு வருகிறவர்கள்.

வைகாசியில் வீரமணி பன்னிரண்டாம் வகுப்பு தேறினான். அந்த வீட்டில் அவ்வளவு தூரம் படித்தவன் அவன்தான். ஊரில் முதல் பட்டதாரி நான் என்பதால், அவன் அம்மா நாகலெட்சுமி அவனை என்னோடு இராமநாதபுரத்துக்கு அனுப்பினார். "சீட்டுக் கிடைக்கலைன்னா இவனும் அண்ணன்கிட்ட முறுக்குப் பிழியத்தான் ஆத்தா போகணும். எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னு நின்னு மூத்தவன் கையில தோலே இல்லை" என்றார்.

பேருந்தில் வீரமணி கேட்டான். "அக்கா, காலேஜ்ல நம்ம இன்ஸ்டா எல்லாம் பாப்பாகளாமே?"

"எத்தனை ஆயிரம் பேரு வாராக. எல்லாரோடதையும் பாத்துக்கிட்டா உக்காந்திருப்பாக? நீ என்ன போட்டிருக்க, பாக்குறதுக்கு?"

"ஆட்டுக்குட்டிக்கா."

"அப்ப சீட்டு கண்டிப்பா உண்டு."

சிரித்தான். ஊர் ஐடி இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை. அது அவனுடையது என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

கல்லூரி வராந்தாவில் எங்களுக்கு எதிரே ஒரு பெண் தன் தாயோடு உட்கார்ந்திருந்தாள். வீரமணியைப் பார்த்தாள். தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போய்விட்டாள். அவள் கீழூரைச் சேர்ந்தவள், பெயர் பூமயில் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்து எங்களை.

சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் கனகலட்சுமி என்ற பேராசிரியை. அவர் கையில் இருந்த போனில் ஊர் ஐடி திறந்திருந்தது. கல்லூரி யாருடையதையும் தேடிப் பார்க்கவில்லை. பயந்துபோன ஒரு பெண் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"இது யாரு?"

"நான்தான் மேடம். ஆனா இது ஊர் ஐடி."

"ஊருக்கு எதுக்குப்பா ஐடி? ஊரும் பிளஸ் டூ எழுதுச்சா?"

பக்கத்து நாற்காலிகளில் இருந்த இருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரீல்ஸை ஓடவிட்டார்.

"அருவா வச்சிருக்கிறது யாரு?"

வீரமணி தரையைப் பார்த்தான். பெயரைச் சொன்னால் ஆடுகளுக்குத் தரிசு இருக்காது.

"இது வந்ததுல இருந்து அந்தப் பொண்ணு அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய் பரீட்சை எழுதியிருக்கு. அது பக்கத்துல உன்னைய உக்கார வைக்கணுமா?"

"வேணாம் மேடம்" என்றான். "அந்தப் பிள்ளை பக்கத்துல வேணாம். நான் கடைசியில எங்கனயாச்சும் உக்காந்துக்கிறேன்."

"ஓ. பக்கத்துல உக்கார மாட்டியோ?"

அவன் சொல்லவந்தது அதுவல்ல. அதை அவனால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறந்தேன். "நீங்களும் அதே ஊருதானேம்மா?" என்றார் அவர்.

வீடியோ போட்டவனை வெள்ளிக்கிழமைக்குள் அழைத்து வந்து, அவன் வாயாலேயே சொல்லவைத்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். வரும்போது, அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எதுவும் கிடைக்கவில்லை.

ஊருக்குள் டீக்கடையில் அய்யப்பன் இருந்தான். வீரமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அய்யப்பனுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"காலேஜே நம்மளப் பாத்துருச்சாடா?"

"அண்ணே, ஒரு தடவை வந்து சொல்லிருங்கண்ணே. எனக்கு சீட்டு..."

"நானா? கீழூர்க்காரி சொன்னான்னு நான் வந்து கைகட்டி நிக்கவா? ஏலே, நீ சீட்டு கேட்டா போன? ஊரு கெத்தைக் காட்டிட்டுல்ல வந்துருக்க!"

கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் வீரமணிக்கு டீ சொன்னான். அவன் அதைக் குடித்து முடிப்பதற்குள் ஊர் ஐடியில் அவன் படம் வந்துவிட்டது. தலையில் கிரீடம், பின்னால் சிங்கம். 'கல்லூரி வாசலை நடுங்கவைத்த எங்கள் வீரன்.'

வெளியே வந்த வீரமணி புளியமரத்தடியில் உட்கார்ந்து போனை நோண்டினான். கணக்கு அவன் நம்பரில் இருந்ததால் ஓடிபி அவனுக்குத்தான் வந்தது. ஊர் ஐடியை அழித்துவிட்டான். "போயிருச்சுக்கா" என்று என்னிடம் வந்து சொன்னபோது, காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி இருந்தான்.

மறுநாள் காலையிலேயே கல்லூரிக்குப் போனோம். கனகலட்சுமி முன்னால் போனை நீட்டினான். "பாருங்க மேடம். இப்ப இல்லை."

அவர் தன் போனை எடுத்து, கிரீடமும் சிங்கமுமாக இருந்த படத்தைக் காட்டினார். அழிப்பதற்கு முன்பே யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு கேட்டார். "அது உன்னோடது இல்லைன்னு சொன்ன. உன்னோடது இல்லாததை நீ எப்படிப்பா அழிச்ச?"

நியாயமான கேள்வி. நான் படித்த மூன்று வருடத்தில் அவ்வளவு நியாயமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீரமணி யோசித்தான். நிஜமாகவே பதில் தேடினான். அதற்குள் அடுத்த மாணவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊரில் கோயில் முன்னால் கூட்டம் போட்டிருந்தார்கள். நாலு வருடத்துப் பொங்கல், முளைப்பாரி, செத்தவர்களுக்குப் போட்ட கண்ணீர் அஞ்சலி எல்லாம் அந்தக் கணக்கோடு போய்விட்டதாம். "கோயில் உண்டியலை உடைச்சவனும் இவனும் ஒண்ணுதான்" என்றார் ஒருவர். முனியசாமி வீட்டில் கோயில் வரி வாங்கக் கூடாது, ஆடு தரிசுக்குள் வரக் கூடாது என்று முடிவானது. எங்கள் ஊரில் வரி வாங்கவில்லை என்றால் அந்த வீட்டுப் பிணத்தைத் தூக்கவும் ஆள் வராது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்றார்கள்.

முனியசாமி துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். வீரமணி அய்யப்பன் காலில் விழுந்தான்.

"இருடா" என்றான் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தவன். "மூஞ்சி விழல. இந்தப் பக்கம் திரும்பி விழு."

வீரமணி எழுந்தான். அந்தப் பக்கம் திரும்பி மறுபடி விழுந்தான்.

வரி வாங்கிக்கொண்டார்கள். வீரமணி அண்ணனிடம் முறுக்குப் பிழிய ரயிலேறிப் போனதற்கு மறுநாள் நாகலெட்சுமி மகன் விட்டுப்போன போனோடு என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அய்யப்பன் புதிதாகத் தொடங்கிய ஊர் ஐடியில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வீரமணி விழுகிறான், எழுகிறான், திரும்பி விழுகிறான். கீழே, 'துரோகிக்கு ஊர் கொடுத்த பாடம்.'

"பாத்தியா ஆத்தா, எம்புட்டு அடக்கமா கும்புடுறான். அந்தக் காலேஜ் டீச்சரம்மா இதைப் பாத்துச்சுன்னா நல்ல பயன்னு தெரிஞ்சுக்கிரும்ல? அவுகளுக்கு இதை அனுப்பிவிடு."

கீழே எழுதியிருந்ததை அவருக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அனுப்பிட்டியா?" என்றார்.