எட்டு மாதமாகச் செய்துவரும் வேலை

வளைகுடாவில் ஒரு பீங்கான் கம்பெனிக்குச் சூளை ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நான் விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் சூளைக்குச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. மற்ற நாட்களில் ஒருவேளைச் சாப்பாடு. அது எனக்குப் புதிதில்லை, ஆனால் சலித்துவிட்டது. எப்படியாவது அந்த வேலைக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தேன். இன்டர்வியூ ஆங்கிலத்தில் என்றார்கள். நான் எட்டாவது பாதியில் நின்றவன்.

பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் ஒரு பெண் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள். பட்டத்துக்குக் கிடைத்த வேலை பிள்ளையாருக்குக் கண் வைப்பது. சொல்லித்தரக் கேட்டேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே சொல்லித்தந்தாள். எல்லா வினைச்சொல்லும் வேண்டாம், ‘வொர்க்’ ஒன்று போதும் என்றாள். வழக்கமாகச் செய்வதற்கு ‘ஐ வொர்க்’. இந்த நேரத்தில் செய்துகொண்டிருப்பதற்கு ‘ஐ ஆம் வொர்க்கிங்’. எப்போதோ தொடங்கி இன்னும் விடாமல் இருப்பதற்கு ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’, கூடவே எத்தனை நாளாக என்பதும்.

மூன்றாவதுக்கு எடுத்துக்காட்டு கேட்டாள். திருப்பூரில் சாயப்பட்டறை நான்கு மாதம், பெங்களூரில் ஓட்டல் ஆறு மாதம், சூரத்தில் துணி மூட்டை தூக்கியது மூன்று மாதம் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

“அதெல்லாம் முடிஞ்சி போன கதைண்ணா. உங்களுக்கு நிகழ்காலமே கம்மி” என்றாள்.

கடைசியில் இந்தச் சூளையையே வைத்துக்கொண்டோம்; ஆங்கிலத்தில் ‘கில்ன்’ என்றாள். எட்டு மாதம். அந்த ஒரு வாக்கியத்தைப் பத்து நாள் படித்தேன்.

இன்டர்வியூ மங்கலம்பேட்டையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடந்தது. ஒன்பது பேர் வந்திருந்தோம். உள்ளே போய் வருகிறவர் என்ன கேட்டார்கள் என்பதை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அது எங்கள் பக்கத்து மரியாதை. முதலில் போனவர் செலக்ட் ஆகி வந்தார். ‘ஐ ஆம் வொர்க்கிங் கில்ன் ஃபைவ் இயர்ஸ்’ என்றாராம். படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அதையே மனப்பாடம் செய்தார்கள். அதில் தப்பு இருக்கிறது என்றேன். பாஸான வாக்கியத்தில் என்ன தப்பு என்று கேட்டார்கள். நான் என் வாக்கியத்தையே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் போனவன் பெண்ணாடத்தில் கல்யாணச் சமையல் செய்கிறவன். சூளையைப் பார்த்ததே இல்லை. அவனும் ஐந்து வருடம் சொல்லிவிட்டு வந்தான்.

நான் போனபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த மலையாளி தலைநிமிராமலே “ஃபைவ் இயர்ஸ்?” என்றார்.

ஆமாம் என்றால் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வரும் வாக்கியம் ஒன்றுதான், அதில் எட்டு மாதம் ஒட்டிப்போயிருந்தது.

“நோ சார். ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் எ கில்ன் ஃபார் எய்ட் மந்த்ஸ்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்கு முன்னால் எங்கே என்றார். சொன்னேன். அதற்கும் முன்னால் என்றார். அதையும் சொன்னேன். ஊர் ஊராக எழுதிக்கொண்டே வந்தவர், பிறகு தமிழுக்கு மாறினார்.

“இங்கிலீஷ் நல்லா பேசறே. ஆனா இது ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். நீ ஒரு வருஷம்கூட எங்கயும் இருந்ததில்லையே.”

உண்மைதான். வெளியே வந்து, அடுத்துப் போக இருந்தவரிடம் சொன்னேன்: ஐந்து வருடமா என்று கேட்பார், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

சமையல்காரன் செலக்ட் ஆகியிருந்தான். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் சரியில்லை. அங்கே போனதும் சூளை முன்னால் நிறுத்திவிடுவார்களே, என்ன செய்வது என்றான். தெரிந்ததைச் சொன்னேன். சுடாத சாமானை ஒரு கையால் தூக்கக் கூடாது. ஒன்றோடு ஒன்று தொடும்படி அடுக்கக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். ஆறுவதற்குள் கதவைத் திறந்தால் விரிசல் விடும். பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரியா என்று கேட்டான். கிட்டத்தட்ட என்றேன். கொஞ்சம் தெளிந்தான்.

“தெரியலன்னா இங்கிலீஷ்ல என்னாண்ணே சொல்லணும்?”

தெரியாது என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ‘ஐ ஆம் லேர்னிங்’ என்று சொல் என்றேன். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

“நீங்களும் ஆமான்னு சொல்லியிருக்கலாமேண்ணே” என்றான், இறங்கும்போது.

சொல்லியிருக்கலாம் என்றேன். பெண்ணாடம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.